பிறர் படைப்பும் நம் நாவும்



இம்மாதம் என் குற்றம் ஒன்றைக் கூறியே இப்பகுதியைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித சூசையப்பர். தொழிலாளராகிய சூசையப்பரை மே முதல் நாளில் கொண்டாடும் விழாவைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்விழாவின் அழைப்பிதழில் அச்சிடுவதற்கென்று, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞன் ஒருவன் தான் வரைந்த படத்தைக் கைப்பேசியில் கொண்டு வந்து காட்டினான். சூசையப்பர் பட்டறையில் பலகை இழைத்துக்கொண்டிருக்கிறார்; இயேசு பாலன் தரையில் கிடக்கும் சீவல்களைப் பொறுக்கிக் கூடையில் இடுகிறார்; சன்னல் வழியே மாலை வெயில் விழுகிறது. பங்குப் பேரவைக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ நின்றார்கள். நான் ஒரு கணம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் இப்போது இயந்திரமே வரைந்து கொடுத்துவிடுகிறதாமே?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "இல்லை, ஃபாதர்" என்று மட்டும் கூறிவிட்டு அவன் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலைத் திருப்பலி முடிந்ததும் அவனுடைய தாயார் என்னைக் காண வந்தார். "மூன்று வாரம் இராத்திரி கண்விழித்து வரைந்தான், சாமி. நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு படத்தை அழித்துவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். எவ்வாறு வரைந்தாய் என்று காட்டும்படியும் கேட்டேன். சிலேட்டுப் பலகை போன்ற ஒரு கருவியையும் மை இல்லாத எழுதுகோல் ஒன்றையும் கொண்டு வந்தான். கிரிட்டா என்னும் மென்பொருளில் வரைகிறானாம். அது எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தக் கூடியது. எழுதுகோலை அழுத்தினால் கோடு தடிக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் படம் பல அடுக்குகளாய் இருக்கிறது. கோட்டோவியம் ஓர் அடுக்கு, நிழல் ஓர் அடுக்கு, சன்னல் வெயில் மட்டும் தனியே ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் அவன் அணைத்துக் காட்டக் காட்ட, சூசையப்பரின் முகம் வெறும் பென்சில் கோடாகும் வரை அப்படம் என் கண்முன்னே பின்னோக்கி நடந்தது. கை பட்டு உருவான பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான்தான் பார்க்கவில்லை.

இந்தப் பழியைச் சுமப்பவன் அவன் ஒருவன் மட்டும் அல்லன். 2022ஆம் ஆண்டு டிசம்பரில், வியட்நாம் நாட்டு ஓவியர் ஒருவரின் படத்தை இது இயந்திரம் வரைந்தது என்று கூறி, இணையத்தில் இயங்கும் ஓவிய அவை ஒன்று விலக்கிற்று. தாம் வரைந்த மூலக் கோப்பையே காட்டுவதாக அவர் கூறினார். நீரே வரைந்திருந்தாலும் இயந்திரம் வரைந்ததுபோல் இருக்கிறது, வேறு பாணியைத் தேடிக்கொள்ளும் என்னும் பொருள்பட அவருக்கு விடை வந்தது. இயந்திரம் வரைவது தகுமா, தகாதா என்பது வேறு வழக்கு; அதைப் பற்றிப் பிறிதொரு மாதம் எழுதலாம். சான்றைப் பாராமலே தீர்ப்பளிப்பதுதான் இங்கே நம்முன் உள்ள வழக்கு. அந்த அவையினர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் உள்ள வேற்றுமை, நான் சிரித்துக்கொண்டே செய்தேன் என்பது மட்டுமே.

அன்று மாலை அவனோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதன்பின் சிலவற்றைத் தேடிப் படித்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவில் கணினிமுன் அமர்ந்திருப்பதெல்லாம் வீண்பொழுது என்று நாம் கருதிவிடுகிறோம். அவர்களுள் படம் வரைபவரும், நிரல் எழுதுபவரும் உளர். எழுதியதையும் வரைந்ததையும் முன்பின் அறியாதவர்முன் வைத்து, குறை இருப்பின் கூறுங்கள் என்று கேட்கிறார்கள். நம் புலவர்களும் நூலை அவையில் அரங்கேற்றிக் குற்றம் கூறுவோர்க்கு விடையிறுத்தவர்களே. காப்பியம் தொடங்குமுன் அவையடக்கம் பாடுவது மரபு. தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவரும் அம்மரபைக் கைக்கொண்டார். ஆனால் பழைய அவை ஓர் ஊரின் அவை. இன்றைய அவைக்குக் கூரையும் இல்லை, வாயிலும் இல்லை.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு மடல் எழுதினார். தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், மினிக்ஸில் அவர்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் அதில் கேட்டிருந்தார். கருத்துக் கேட்டுத் தொடங்கிய வேலை அது. இன்று உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமாயின் அதன் உள்ளே இயங்குவது லினக்ஸின் கருவே. உலகின் வலிமை மிக்க கணினிகள் என்று பட்டியலிடப்படும் 500-உம் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

அவர்கள் கருத்துக் கூறும் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. குறை கண்டவர் குறையைச் சொல்லிவிட்டு ஒதுங்குவது அங்கே சிறப்பாகக் கருதப்படுவதில்லை. பழுதான வரிகளுக்கு மாற்று வரிகளையும் தாமே எழுதி அனுப்புகிறார். நீக்க வேண்டிய வரிக்குமுன் கழித்தல் குறி. சேர்க்க வேண்டிய வரிக்குமுன் கூட்டல் குறி. இதற்கு அவர்கள் இட்ட பெயர் பேட்ச். அதாவது கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு. பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போடுவதைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது (மாற் 2:21) நிரலுக்கும் முற்றிலும் பொருந்தும் என்று அவ்விளைஞன் சொல்லிச் சிரித்தான். இன்னும் ஒன்று. ஒட்டை எழுதியவர் பெயர் மட்டுமன்றி, அதை ஆய்ந்து தக்கது எனக் கருத்துக் கூறியவரின் பெயரும் அந்நிரலின் வரலாற்றில் நிலையாகப் பதிவாகிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஞானப்பெற்றோரின் பெயரை எழுதும்போதெல்லாம் இப்போது எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்த அவையிலும் நா சுட்டது. டோர்வால்ட்ஸ் கடுஞ்சொல்லுக்குப் பேர் பெற்றவர். கருவில் செய்யும் மாற்றம் எதுவும், அதை நம்பி இயங்கும் மக்களின் மென்பொருளைக் கெடுத்துவிடலாகாது என்பது அவருடைய உறுதியான விதி. அதை மீறியவர்களை எல்லாரும் படிக்கும் மடல்களில் அவர் வசை பொழிந்தார். விதி நல்ல விதியே. அதனால் நம் கைப்பேசிகள் பிழைத்தன என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் 2013ஆம் ஆண்டில் உடன் பணியாற்றிய ஒருவர், இப்படிப் பேச வேண்டியதில்லை என்று வெளிப்படையாகக் கேட்டார். டோர்வால்ட்ஸ் இணங்கவில்லை. கேட்டவர் பின்னர்ப் பணியினின்று விலகி, மரியாதையற்ற சூழலே காரணம் என்று 2015ஆம் ஆண்டில் எழுதினார்.

பிறகு, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிய பதிப்பை அறிவிக்கும் வழக்கமான மடலிலேயே டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். தாம் எழுதிய தாக்குதல்கள் பலரைப் புண்படுத்தின என்பதையும், சிலரைப் பணியினின்றே விலக்கியிருக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொண்டார். பிறர் உள்ளத்தை அறிந்து பேசக் கற்றுக்கொள்ளத் தமக்கு உதவி வேண்டும் என்று கூறிச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அப்பதிப்பை நிறைவு செய்யும் பொறுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். முப்பது ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்பவன் என்னும் முறையில் சொல்கிறேன்: "நான் செய்தது சரிதான், ஆனால் அவர்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்னும் வகையில் வரும் மன்னிப்புகளையே நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

குருமடத்தில் நாங்கள் தியானப் பயிற்சி செய்த நாட்களில், இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளின் தொடக்கத்தில் உள்ள ஒரு முன்குறிப்பை எங்கள் ஆன்ம குரு அடிக்கடி விளக்குவார். 1548ஆம் ஆண்டில் திருச்சபையின் ஒப்புதல் பெற்ற நூல் அது. பிறர் கூற்றைக் கண்டனம் செய்வதைவிட, அதற்கு நல்ல பொருள் கொள்ளவே கிறிஸ்தவன் முந்த வேண்டும்; பொருள் விளங்காவிடில் அவரையே கேட்க வேண்டும்; தவறு என்று தெரிந்தால் அன்போடு திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. அப்போது அதைப் பயிற்சி கொடுப்பவருக்கான ஒழுங்குமுறை என்று எண்ணிக் கடந்துவிட்டேன். "இதை எப்படி வரைந்தாய்?" என்று அவ்விளைஞனைக் கேட்டிருந்தால் போதும், அக்குறிப்பை நிறைவேற்றியவன் ஆகியிருப்பேன். மூன்று சொற்கள்.

நயமாகப் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கூறவரவில்லை. அதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. கோப்புகளைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அது ஓசையின்றி உறைந்திருக்கிறது. பின்லாந்து நாட்டவர் ஒருவர் ஊதியமின்றிப் பல ஆண்டுகளாகத் தனியே அதைப் பேணி வந்தார். 2022ஆம் ஆண்டில், முன்பு அறிமுகமில்லாத சிலரிடமிருந்து அவருக்கு மடல்கள் வரலாயின. பணி தேங்கிவிட்டது, இயலாவிடில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள், பயன்படுத்துவோர் காத்திருக்கிறார்கள் என்பதே அவற்றின் சாரம். நெடுநாளாகத் தமக்கு மனநலக் குறைவு இருப்பதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் அவர் விடையில் எழுதினார். அதற்குப் பிறகும் வற்புறுத்தல் ஓயவில்லை. உதவிக்கு வந்தவர்போல் நடந்து நம்பிக்கை பெற்றிருந்த ஒருவருக்கு அவர் படிப்படியாகப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த உதவியாளர் பெயர் ஒரு முகமூடி. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அது உலகெங்கும் பரவுமுன் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் பிராய்ண்டு என்னும் நிரலாளர். தொலைவிலுள்ள கணினியோடு இணையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதம் ஏற்படுவதைக் கண்டு, அதன் காரணத்தைத் துருவிக்கொண்டே போனார். அவர் அதை உலகறியச் சொன்ன நாள் 2024ஆம் ஆண்டு மார்ச் 29. அன்று பெரிய வெள்ளி. நாம் சிலுவைப் பாதை செய்துகொண்டிருந்த வேளையில் உலகின் கணினி அறைகளில் இந்த ஓட்டம் நடந்தது.

அந்த வற்புறுத்தல் மடல்களின் சாரத்தைப் படித்தபோது எனக்கு உண்டான அச்சத்தை மறைக்க விரும்பவில்லை. அவற்றுள் பெரிய வசைச்சொல் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், நியாயமான கருத்து என்றே தோன்றும். நம் வாயிலும் வரக்கூடியவை. இருபது ஆண்டுகளாக ஊதியமின்றிப் பாடகர் குழுவை நடத்துகிறவரிடம், "புதுப் பாட்டே வருவதில்லையே, இளைஞர் யாரிடமாவது விட்டுவிடலாமே" என்று நாம் கூறுவதில்லையா? மறைக்கல்வி ஆசிரியையிடம், கோயிலைப் பெருக்கும் முதியவரிடம்? சொல்லும் நமக்கு அது ஒரு வாக்கியம். கேட்கிறவருக்கு அது அந்த வாரத்தில் வரும் பத்தாவது வாக்கியமாக இருக்கலாம். மற்றவர் ஒன்பது பேரையும் நாம் அறியோம்.

பிராய்ண்டு நடந்துகொண்ட முறையையும் கவனியுங்கள். கண்டதும் ஊரைக் கூட்டவில்லை. அந்த மென்பொருளைப் பரப்பும் அமைப்பொன்றின் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் தனியே கூறினார்; அடுத்து, இத்தகைய பணி செய்யும் பிற அமைப்புகளின் பொறுப்பாளர் சிலருக்குக் கூறினார்; பிறகே எல்லாருக்கும். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்து, பின் இருவர் மூவரோடு, அதன்பின் சபையில் என்று ஆண்டவர் காட்டிய படிகளை (மத் 18:15-17) இதைவிடத் தெளிவாக நான் மறையுரையில் விளக்கியதில்லை. மென்பொருளில் ஓட்டை கண்டவர், அதை எழுதியவருக்குத் தனியே தெரிவித்து, அடைத்துக்கொள்ளக் காலம் கொடுத்துப் பின்னரே வெளியிடுவது அத்துறையின் நல்வழக்காம். கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று இதற்கு 90 நாள் என்று வரையறுத்திருக்கிறது. நாமோ அடுத்த வீட்டாரின் குறையை ஒன்பது நிமிடம் காப்பதில்லை.

கருத்து வேற்றுமை தீராத இடங்களும் உண்டு. பிளெண்டர் என்னும் மென்பொருளில், பொருளைத் தேர்ந்தெடுக்கச் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துவது நெடுங்கால வழக்கம். இது தலைகீழ் என்று புதியவர்கள் குறைகூற, இதுவே சிறப்பு என்று பழையவர்கள் வாதிட, ஆண்டுக்கணக்கில் சச்சரவு நீண்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இடப் பொத்தானை இயல்பான முறையாக்கினார்கள். வலப் பொத்தானை விரும்புவோர்க்கு அதையும் விட்டுவைத்தார்கள். நற்கருணையை நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா என்று நம் பங்குகளில் நடந்த பேச்சுகளை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிளெண்டரே 2002ஆம் ஆண்டில் அதன் நிறுவனம் நொடித்தபோது அழிந்திருக்க வேண்டியது. பயன்படுத்தியவர்கள் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டுப் பொதுவுடைமை ஆக்கினார்கள். லாத்வியா நாட்டு இளைஞர் ஒருவர் அதைக் கொண்டு உருவாக்கிய, ஒரு பூனையைப் பற்றிய, வசனமே இல்லாத திரைப்படம் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. குறைகூறியவர்களும் பணம் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி நம் இளைஞனின் கதைக்கு வருகிறேன். படத்தை அடுக்கடுக்காகக் காட்டி முடித்தபின், "இப்போது உண்மையான கருத்தைச் சொல்லுங்கள், ஃபாதர்" என்று கேட்டான். மறுபடியும் பார்த்தேன், இம்முறை உட்கார்ந்து, கண்ணாடி அணிந்து பார்த்தேன். என் தந்தையார் தச்சர். சிறுவயதில் அவர் பட்டறையில் சீவல் பொறுக்கியவன் நான். படத்தில் ஏதோ ஒன்று என் கண்ணை உறுத்தியது. சற்று நேரம் பொறுத்தே விளங்கிற்று. சூசையப்பர் கையிலிருந்த இழைப்புளியின் அடியிலிருந்து சீவல் பின்புறமாக நழுவி விழுந்துகொண்டிருந்தது. இழைப்புளியில் அப்படி விழாது. அலகுக்கு முன்னாலுள்ள வாய் வழியே மேல்நோக்கிச் சுருண்டு எழும். இதைச் சொன்னேன். அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. என் சொல்லால் விளக்கவும் முடியவில்லை. திருவிழாச் சப்பரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் அவனை அழைத்துப் போனேன்.

ஆசாரி கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து வைத்து, இழைப்புளியை ஊன்றி, ஒரு முறை நீளத் தள்ளினார். சீவல் வாயிலிருந்து எழுந்து சுருண்டு அவர் புறங்கைமேல் விழுந்தது. "இன்னொரு தடவை, அண்ணாச்சி" என்றான் இளைஞன். அவர் இன்னொரு தடவை தள்ளினார். அவன் அங்கேயே மரத்தூளில் அமர்ந்து, பலகையை மடியில் வைத்து, பழைய சீவலை அழித்துவிட்டுப் புதிய சீவலை வரையத் தொடங்கினான். ஆசாரி குனிந்து பார்த்துக்கொண்டே, "தம்பி, அந்தப் பலகை என்ன மரம்?" என்று கேட்டார்.